கால் நோவும் சப்பாத்து இன்சோலும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால் நோவோடு இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை. பதில்களுக்குள் போக முன் ஒரு விடயம். எங்கள் ஊர்களில் ஒரு நாளில் சப்பாத்துக்குள் கால் இருக்கிற நேரம் மிகக் குறைவு. வீட்டில் வெறுங்கால், கோயிலிலும் பள்ளிவாசலிலும் வெறுங்கால், வயலிலும் வெறுங்கால், கடைத்தெருவுக்கு ரப்பர் செருப்பு. இன்சோல் என்பது சப்பாத்துக்குள், பாதத்தின் கீழே வைக்கிற படை. அப்படிச் சப்பாத்துக்குள் வைக்கிற ஒரு பொருளுக்குக் காசு கொடுக்க முன் இந்த மணித்தியாலக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கீழே பல இடங்களில் அந்தக் கணக்குத் திரும்ப வரும்.

அளவெடுத்துச் செய்கிற இன்சோல் என்றால் என்ன? கடையில் தொங்குகிறதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கடையில் தொங்குவது சப்பாத்து இலக்கத்துக்குச் செய்தது. மற்றது உங்கள் பாதத்துக்குச் செய்தது. பிளாஸ்டர் பண்டேஜ் சுற்றியோ, மிருதுவான ஃபோம் பெட்டிக்குள் காலை அழுத்தியோ, ஸ்கேனர் வைத்தோ பாதத்தின் வடிவத்தை எடுப்பார்கள். அந்த வடிவத்தின் மேல் ஈ.வி.ஏ. என்ற ரப்பர் போன்ற பொருள், பொலிப்புரொப்பிலீன் பிளாஸ்டிக், தக்கை இவற்றில் ஒன்றையோ இரண்டையோ சேர்த்து வார்த்து, மேலே தோலோ துணியோ ஒட்டுவார்கள்.

அது செய்கிற வேலை இரண்டு மூன்றுதான். ஒரே இடத்தில் விழுகிற பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும். நோகிற சவ்வையோ தசைநாணையோ அதிகம் இழுபடாமல் தாங்கும். தேவையான இடத்தில் ஓர் அசைவைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். கழற்றி வைத்தால் வேலை நின்றுவிடும். தட்டையான பாதத்தில் புதிதாக வளைவை வளர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

காலையில் எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிக்கால் உயிர் போகிற மாதிரி நோகுது. கொஞ்சம் நடந்தால் குறையுது. எனக்கு இன்சோல் தேவையா?

நீங்கள் சொல்லும் இந்த நோவுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. பெரும்பாலும் இது பிளான்ரர் ஃபசியைட்டிஸ். குதியில் இருந்து விரல்களின் அடி வரை ஓடுகிற தடித்த சவ்வு, குதி எலும்போடு சேருகிற இடத்தில் புண்பட்டிருக்கும். இரவு முழுக்கச் சுருங்கிக் கிடந்த சவ்வு காலையில் திடீரென்று இழுபடுவதால்தான் முதல் அடி அவ்வளவு நோகிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிற ஆசிரியர்கள், தாதிமார், துணிக்கடைப் பிள்ளைகள், பாதுகாப்பு ஊழியர்கள், உடம்பு பெருத்தவர்கள், கெண்டைக்கால் தசை இறுகியவர்கள் ஆகியோருக்கு அதிகம் வரும்.

முதலில் செய்யவேண்டியதற்குக் காசு தேவையில்லை. கட்டிலில் இருந்து இறங்க முன்னமே, நோகிற காலை மற்றத் தொடையின் மேல் போட்டு, கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மேலே மடக்குங்கள். உள்ளங்காலில் நரம்பு மாதிரி ஒன்று விறைத்து நிற்பது மற்றக் கையில் தட்டுப்படும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று முறை. கெண்டைக்காலுக்கு, சுவரில் கை ஊன்றி, நோகிற காலைப் பின்னே வைத்து, குதி நிலத்தை விட்டு எழும்பாமல் முன்னே சாயுங்கள். சில கிழமைகள் விடாமல் செய்யவேண்டும். இரண்டு நாள் செய்து பார்த்து "சரிவரேல்ல" என்று வருகிறவர்கள்தான் கூட.

இரண்டாவது, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்துங்கள். சீமெந்துத் தரைக்குப் பதிலாக ரைல்ஸ் வந்த வீடுகளில் கால் முழு நாளும் கல்லின் மேல்தான் நிற்கிறது. குசினியில் மூன்று மணித்தியாலம் வெறுங்காலோடு நின்று சமைத்துவிட்டு, பின்னேரம் கடைக்குப் போகும்போது மட்டும் நல்ல இன்சோல் போட்டால் என்ன பயன்? வீட்டுக்குள் மட்டும் போடவென்று அடிப்பகுதி தடித்த ஒரு செருப்பைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். அம்மம்மா ஏசுவார்தான். விளங்கப்படுத்துங்கள்.

இவற்றோடு கடையில் வாங்கும் இன்சோல் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்த நோவு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே தணிந்துவிடும். இன்சோல் இடைப்பட்ட காலத்தைச் சுலபமாக்கும்.

அப்படியானால் அளவெடுத்துச் செய்தது இன்னும் நல்லாகத்தானே வேலை செய்யும்?

குதிக்கால் நோவைப் பொறுத்தவரை, இல்லை. அவுஸ்திரேலியாவில் செய்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 135 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெறும் மெல்லிய ஃபோம், இன்னொன்றுக்குக் கடை இன்சோல், மூன்றாவதுக்கு அளவெடுத்துச் செய்தது. மூன்று மாதத்தில் இன்சோல் போட்ட இரண்டு கூட்டத்துக்கும் நடமாட்டம் கொஞ்சம் சுலபமாக இருந்தது. அந்த இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. பன்னிரண்டாம் மாதத்தில் மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கிற, பிறகு வந்த தொகுப்பாய்வுகளும் கடை இன்சோலை விட அளவெடுத்தது மேல் என்று காட்டவில்லை.

ஆகவே என் பேச்சு எப்போதும் இதுதான்: சாதாரண குதிக்கால் நோவுக்கு மோதிரத்தை அடகு வைத்து இன்சோல் செய்யாதீர்கள்.

அப்போ யாருக்குத்தான் அளவெடுத்துச் செய்யவேண்டும்?

சீனி வருத்தத்தால் காலில் உணர்வு குறைந்தவர்களுக்கு. முன்பு காலில் புண் வந்து ஆறியவர்களுக்கு. முடக்குவாதத்தால் முன்பாதத்து எலும்புகள் கீழே இறங்கி, கூழாங்கல்லில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பவர்களுக்கு. பாதத்தின் வளைவு அளவுக்கு மீறி உயர்ந்து, குதியிலும் முன்பாதத்திலும் மட்டும் பாரம் விழுகிறவர்களுக்கு. போலியோ, பழைய முறிவு, யுத்தக் காயம், விரல் அகற்றிய கால் என்று பாதத்தின் வடிவமே மாறியவர்களுக்கு. இந்தக் கால்களுக்குக் கடையில் தொங்குகிற எந்த இலக்கமும் பொருந்தாது.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இவர்கள் பிந்தித்தான் வருவார்கள். நடுத்தர வயதில், ஒரு காலின் வளைவு மட்டும் மெல்ல மெல்ல இறங்கி, உட்பக்கக் கணுக்கால் வீங்கி நோகும். அந்த ஒற்றைக் காலில் நின்று குதியைத் தூக்கச் சொன்னால் முடியாது. வளைவைத் தாங்குகிற தசைநாண் பழுதாகி வருகிறது என்று அர்த்தம். தொடக்கத்தில் நல்ல தாங்கியும் பயிற்சியும் கொடுத்தால் நிறுத்திப் பிடிக்கலாம். பாதம் இறுகிப்போன பிறகு சத்திரசிகிச்சை பற்றித்தான் பேசவேண்டி வரும்.

எக்ஸ்ரேயில் குதியில் எலும்பு வளர்ந்திருக்கு என்றார்கள். இன்சோல் போட்டால் கரையுமா?

கரையாது, கரையவும் தேவையில்லை. நோவே இல்லாத பலரின் குதியிலும் அந்த முள் இருக்கும். நோவு குறைந்த பிறகும் எக்ஸ்ரேயில் அப்படியே இருக்கும்.

ஊசி போட்டால் ஒரேயடியாக மாறும் என்கிறார்கள்?

ஸ்டெரொயிட் ஊசி சில கிழமைக்கு நோவைக் குறைக்கும். ஒரேயடியாக என்பது பொய். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுகிற ஆபத்தும், குதியின் கொழுப்பு மெத்தை மெலிகிற ஆபத்தும் உண்டு. தேவையா என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும்.

உம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி. கால் விறைக்குது, பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்குது என்கிறா. என்ன இன்சோல் வாங்கலாம்?

இன்சோல் வாங்க முன் உணர்வு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். 10 கிராம் பாரத்தில் வளைகிற ஒரு நைலோன் இழையால் உள்ளங்காலின் சில இடங்களைத் தொட்டுப் பார்க்கும் சோதனை அது. சில நிமிட வேலை, நோகாது. சீனிக் கிளினிக்கில் நீங்களாகவே கேளுங்கள்: "உம்மாட செருப்பைக் கழற்றிக் காலைப் பாருங்கோ டொக்டர்." செருப்பைக் கழற்றாமலே குளிசைத் துண்டோடு வீடு திரும்புகிறவர்கள் அதிகம்.

உணர்வு குறைந்த காலுக்கு நோவு ஒரு பிரச்சினையே இல்லை, நோகாததுதான் பிரச்சினை. சப்பாத்துக்குள் ஒரு சின்னக் கல் கிடந்தால் நமக்கு இரண்டு அடியில் தெரியும். அவருக்குப் பின்னேரம் காலுறையில் இரத்தம் பட்ட பிறகுதான் தெரியும். இப்படிப்பட்ட காலுக்குக் கடினமான பிளாஸ்டிக் தாங்கி கூடாது. பாதம் முழுவதையும் தொட்டுத் தாங்குகிற மிருதுவான படை தேவை. எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பரில் செய்த, பின்பக்கம் பட்டி உள்ள செருப்பு நம் வெக்கைக்குச் சப்பாத்தை விட உகந்தது. தொழுநோயால் உணர்விழந்த கால்களுக்கும் இந்த ரப்பரில்தான் நெடுங்காலமாகச் செருப்புச் செய்கிறார்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் போகிற செருப்பை விட்டுவிடுங்கள். அந்த இடம் உரசிப் புண்ணாகும். குமிழ் குமிழாக இருக்கிற அக்குபிரஷர் செருப்பை வீட்டிலேயே வைத்திருக்கவேண்டாம்.

மற்றவை இன்சோலை விட முக்கியம். வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வெறுங்கால் இல்லை. போட முன் செருப்பைக் கவிழ்த்துத் தட்டவேண்டும். ஒவ்வொரு இரவும் விரல் இடுக்கு, உள்ளங்கால் எல்லாம் பார்க்கவேண்டும். உம்மாவுக்குக் குனிய ஏலாவிட்டால் மகளோ பேரப்பிள்ளையோ பார்க்கட்டும். கால் ஆணியைப் பிளேட்டால் வெட்டக்கூடாது. வெந்நீரில் காலை வைக்க முன் முழங்கையால் சூடு பார்க்கவேண்டும். ஒரு கால் மட்டும் சிவந்து, சுட்டு, வீங்கி, ஆனால் பெரிதாக நோகாமல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உள்ளே எலும்புகள் நொறுங்குகிற நிலையாக இருக்கலாம். "சுளுக்கு" என்று எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்கிற நேரம் அல்ல அது.

அப்பாவுக்கும் சீனிதான். கதிர்காமத்துக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை நேர்ந்திருக்கிறார். போகலாமா?

நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்ல நான் ஆளில்லை. காலைப் பற்றிச் சொல்லலாம். உணர்வுச் சோதனையில் கால் சரியாக இருந்து, சீனியும் கட்டுப்பாட்டில் இருந்தால் டொக்டரோடு பேசி முடிவெடுங்கள். உணர்வு குறைந்திருந்தால் வெறுங்காலோடு வேண்டாம். உகந்தையைத் தாண்டி குமண, யால காட்டுக்குள் இறங்கினால் சுடுமணலும் முள்ளும்தான். கொப்புளம் போட்டது தெரியாமலே நடந்து முடித்துவிடுவார். காட்டு வழி முழுக்கச் செருப்போடு நடந்து, கோயில் எல்லையில் கழற்றலாம். பாண்டிருப்புத் தீமிதிப்புக்கும் இதே பதில்தான், இன்னும் கடுமையாக: உணர்வில்லாத காலோடு தீக்குழியில் இறங்கவேண்டாம். உள்ளூர்க் கோயிலிலும் மத்தியானத்தில் வெளிவீதி மணல் போதும் காலைச் சுட்டெடுக்க. காலையிலோ இரவுப் பூசைக்கோ போகச் சொல்லுங்கள்.

முழங்கால் தேய்வுக்கு இன்சோல் கொடுக்கிறார்களே?

ஒரு பக்கம் உயர்த்திய ஆப்பு வடிவ இன்சோலைச் சொல்கிறீர்கள். முழங்காலின் உட்பக்கப் பாரத்தை வெளிப்பக்கம் மாற்றும் என்பது அதன் கணக்கு. காகிதத்தில் அழகாக இருந்தது. ஆனால் சாதாரண தட்டை இன்சோலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது நோவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2013இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. 2019இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டியும் அதைப் பரிந்துரைக்கவில்லை. தொடைத் தசைக்குப் பயிற்சி, உடல் எடை குறைத்தல், நோவுள்ள காலுக்கு எதிர்க்கையில் ஒரு ஊன்றுகோல்: இவைதான் முழங்காலுக்கு உதவும். பின்னேரம் கல்லடிப் பாலப் பக்கம் நடக்கிறவர்கள் நல்ல மிருதுவான சப்பாத்தோடு நடக்கட்டும், அது போதும்.

சிக்குன்குன்யா வந்து மாதக் கணக்காகக் கணுக்காலும் பாதமும் உளையுது.

2006 கடைசியில் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் அது பரவியபோது இந்தக் கேள்வியோடு வராத வீடில்லை. அந்த மூட்டுவலி கிருமியால் வந்த அழற்சி. இன்சோல் அதை ஆற்றாது. அடி மிருதுவான செருப்பு நடக்கச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். பல மாதம் கழிந்தும் காலையில் விறைப்பும் வீக்கமும் இருந்தால் மூட்டுநோய்க் கிளினிக்குக்குப் போகவேண்டும்.

மகனுக்கு ஐந்து வயது. பாதம் தட்டையாக இருக்குது. இப்பவே இன்சோல் போடாவிட்டால் பிறகு பொலிஸ், ஆமி வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்கிறார்கள்.

ஐந்து வயதில் தட்டையாக இருப்பது வழமை. வளைவு மெல்ல மெல்ல, பத்து வயது அளவு வரைக்கும் உருவாகும். நுனிக்காலில் எழும்பச் சொல்லுங்கள். அப்போது வளைவு தெரிந்தால், நோவும் இல்லை என்றால், ஒன்றும் செய்யவேண்டாம், ஓடி விளையாடட்டும். இன்சோல் போட்டதால் வளைவு வளர்ந்தது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. பாதம் விறைப்பாக இருந்தால், ஒரு காலில் மட்டும் என்றால், நோகுது என்று விளையாட்டை விட்டு வந்து குந்தினால் காட்டுங்கள். பிள்ளைகளைப் பற்றி வருகிற கேள்விகளில் பெரும்பகுதி பெற்றோரின் பயம்தான். அந்தப் பயத்தை விற்றுக் காசு பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பாதப் பரிசோதனை முகாமில் ஒரு கண்ணாடி மேடையில் ஏற்றி, நிறம் நிறமாகப் பாதப் படம் எடுத்து, "உங்களுக்குப் பிழையான பாதம்" என்றார்கள்.

அந்தப் படம் எங்கே கூடப் பாரம் விழுகிறது என்று காட்டும். நோய் இன்னது என்று சொல்லாது. எங்கே நோகிறது என்று கையால் அழுத்திப் பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல், ஐந்து நிமிடத்தில் படத்தைக் காட்டி விலை சொன்னால் சிரித்துக்கொண்டு இறங்கி வாருங்கள். உணர்வு சரியாக இருந்து நோகாத பாதத்தில் பிழை எதுவும் இல்லை.

லண்டனில் இருக்கிற தங்கச்சி தனக்குச் செய்த இன்சோலை எனக்கு அனுப்பியிருக்கிறா. போடலாமா?

அளவெடுத்துச் செய்தது என்றால் வேண்டாம். அது அவவின் கால். கடையில் வாங்கியது என்றால், இலக்கம் சரியாக இருந்தால், தாராளமாகப் போடலாம். அடுத்த முறை கேட்கும்போது இன்சோலோடு சேர்த்து, உள்தாள் கழற்றக்கூடிய, குதிப்பகுதி ஆழமான ஒரு சப்பாத்தையும் கேளுங்கள். இங்கே விற்கிற பல சப்பாத்துகளுக்குள் இன்சோலை வைத்தால் கால் மேலே வந்து குதி கழன்றுவிடும்.

நான் ஆசிரியை. சாறியோடு சப்பாத்துப் போட ஏலாது. என்ன வழி?

இந்தப் பகுதியில் அதிகம் கேட்கப்படுகிற, ஆனால் வெளிநாட்டு மருத்துவப் பக்கங்களில் பதில் கிடைக்காத கேள்வி இது. மூன்று வழி உண்டு. குதியைச் சுற்றிப் பட்டி போடுகிற, உள்ளங்கால் வளைவோடு வார்த்த செருப்பு வாங்குவது முதலாவது. சாறிக்குக் கீழே தெரியாது. இரண்டாவது, உங்களிடம் உள்ள பட்டிச் செருப்பின் மேல் அளவுக்கு வெட்டிய ஈ.வி.ஏ. படையைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து ஒட்டி, ஓரம் தைத்துக்கொள்வது. சும்மா மேலே வைத்தால் வழுக்கும். வழுக்கி விழுந்து கையை முறிப்பதை விடக் குதி நோவு மேல். மூன்றாவது, பாடத்துக்குப் பாடம் கொஞ்சம் கதிரையில் இருப்பது. கரும்பலகைக்கு முன்னால் ஐந்து பாடவேளை நின்றே படிப்பிக்கவேண்டும் என்று சட்டம் இல்லை.

வயலில் இறங்குகிறவர்களுக்கும், மருதமுனையில் தறியில் இருந்து கால்மிதி மிதிக்கிறவர்களுக்கும் வேலை நேரத்தில் இன்சோல் உதவாது. அவர்களுக்கு வேலை முடிந்த பிறகு போடுகிற செருப்பும், இடையில் எடுக்கிற ஓய்வும், மேலே சொன்ன கெண்டைக்கால் பயிற்சியும்தான்.

புதிதாகச் செய்த இன்சோல் போட்டதும் வேறு இடத்தில் நோகுது.

முதல் நாள் ஒன்றிரண்டு மணித்தியாலம், பிறகு நாளுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டி, இரண்டு மூன்று கிழமையில் முழு நாளும் என்று பழக்கவேண்டும். இலேசான உளைவு வரும், போகும். ஒரே இடத்தில் குத்தினால், தோல் சிவந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் மறையாவிட்டால், கழற்றிச் செய்தவரிடம் கொண்டுபோங்கள். திருத்தம் செய்வது தொழிலின் ஒரு பகுதி. அதனால்தான் விலை பேசும்போதே "திருத்தமும் இதுக்குள்ளதானே?" என்று கேட்கவேண்டும்.

எவ்வளவு காலம் பாவிக்கலாம்?

ஈ.வி.ஏ. ஒன்றிரண்டு வருடம், கடின பிளாஸ்டிக் அதை விடக் கூட. எங்கள் வியர்வையும் புழுக்கமும் அதன் ஆயுளைக் குறைக்கும். இரவில் வெளியே எடுத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டால் சுருங்கி வளையும். மாரியில் வெள்ளத்தில் நனைந்தால் கழுவி, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவைத்த பிறகே போடுங்கள். ஈரத்தோடு போட்டால் விரல் இடுக்கில் பங்கஸ் பிடிக்கும்.

எங்கே போய்க் காட்டுவது?

முதலில் அருகில் உள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. அங்கிருந்து இயன்மருத்துவப் பிரிவுக்கோ மூட்டுநோய், எலும்பு, சீனிக் கிளினிக்குகளுக்கோ கடிதம் தருவார்கள். மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை, அம்பாறையில் மாவட்டப் பொது வைத்தியசாலை, கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் என்று வழி இருக்கிறது. அளவெடுத்துச் செய்ய வேண்டியவர்களுக்கு ஓதோட்டிஸ்ட், அதாவது இன்சோல், தாங்கிகளை அளவெடுத்துச் செய்கிற தொழில்நிபுணர், தேவை. இந்தத் தொழிலுக்கு ராகமையில் 2004 முதல் பயிற்சிப் பாடசாலை இருக்கிறது. செய்கிறவர் எங்கே படித்தார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை.

வரும்போது புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வராதீர்கள். நாளாந்தம் போடுகிற, தேய்ந்த செருப்பையும் சப்பாத்தையும் கழுவாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். குளிசைத் துண்டு, சீனி பார்த்த கடைசி அறிக்கை, முழங்கால் வரை சுருட்டக்கூடிய உடுப்பு. ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் நிற்கிறீர்கள், அதில் எத்தனை வெறுங்காலோடு என்பதை முதல் நாளே எண்ணிப் பார்த்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.